அயிரைக்கு ஒரு வீடு... விழுப்புரம் டூ திண்டிவனம்!

விழுப்புரம் ஜங்ஷன்ல நின்னா அஞ்சு பக்கமும் தண்டவாளம் பிரியும். சென்னை, விருத்தாசலம், மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரின்னு எங்க வேணாலும் கிளம்பலாம். நானும் என் கிளாஸ்மேட் மதுரைக்காரனும் ஏறினது என்னவோ திண்டிவனம் போற பாசஞ்சர்ல. முப்பத்தேழு கிலோமீட்டர் பயணம். கையில மூடி போட்ட ஒரு காலி பிளாஸ்டிக் டப்பா.

"இன்னா தம்பி, பால் வாங்கவா?" எதிர் சீட் அக்கா கேட்டாங்க.

"மீனு பாக்கப் போறோம்க்கா."

"பாக்கவா, வாங்கவா?"

"இன்னைக்குப் பாக்க மட்டும்தான்க்கா."

அந்தக்கா பையைத் தன் பக்கமா இழுத்து வெச்சுக்கிட்டு ஜன்னல் ஓரமா நகர்ந்து உட்கார்ந்தாங்க. தப்பில்லை. காலி டப்பாவோட மீன் பாக்கப் போற ரெண்டு பேரை யார்தான் நம்புவாங்க?

ஒரு கொலைக் கதை

எல்லாத்துக்கும் காரணம் மூணு மீன்.

என் தங்கச்சி ஒன்பதாவது படிக்கிறா. உண்டியலை உடைச்சு மீன் தொட்டி வாங்கணும்னு காசை என் கையில குடுத்தா. நான் பெரிய ஆளு மாதிரி ரெண்டடி நீளத்துல ஒரு கண்ணாடித் தொட்டி, நீலக் கலர் கல்லு, பிளாஸ்டிக் செடி, ஆரஞ்சு உடம்புல கறுப்புப் பட்டை போட்ட மூணு 'கிளவுன் லோச்' எல்லாம் வாங்கிட்டு வந்தேன். குழாய்த் தண்ணியைப் புடிச்சேன், கல்லைக் கொட்டினேன், அன்னைக்குச் சாயங்காலமே மீனை விட்டேன். ஒன்பதாம் நாள் மூணாவது மீனும் மிதந்துச்சு.

முருங்கை மரத்தடியில புதைச்சோம். தங்கச்சி அழலை. "உனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லண்ணா"ன்னு மட்டும் சொன்னா. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் என்கிட்ட பேச்சே இல்லை. திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு தோணுச்சு.

அப்புறம்தான் படிச்சேன். கிளவுன் லோச், இந்தோனேசியாவுல சுமத்ரா, போர்னியோ ஆறுகள்ல வாழுற மீன். நல்லா வளர்ந்தா ஒரு அடி நீளம் வரும். கூட்டமா வாழுற ஜாதி. அதை ரெண்டடித் தொட்டியில விட்டது, யானையை ஆட்டோவுல ஏத்தின கதை!

குழம்பா? மீனா?

"லோச்னா என்னடா?"ன்னு கேன்டீன்ல மதுரைக்காரன் கேட்டான். போன்ல போட்டோ காட்டினேன். உருண்டையான சின்ன உடம்பு, வாயைச் சுத்திக் குட்டிக் குட்டி மீசை, அடித்தரையில ஊர்ந்து போற பழக்கம்.

பய புள்ள கண்ணு கலங்கிடுச்சு. "மாப்ள... இது எங்க ஊரு அயிரைடா! குழம்பு வெச்சா மூணு தட்டுச் சோறு உள்ள போகும்டா!"

நிஜம்தான். மதுரையில குழம்பா கொதிக்கிற அயிரையும் லோச் குடும்பம்தான். அறிவியல் பேரு லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ். 1846-ல் இதுக்குப் பேரு வெச்சவர் பிரெஞ்சு விலங்கியலாளர் வாலன்சியன். இலங்கையில திருகோணமலை வெந்நீர் ஊற்றுல கிடைச்ச மீனை வெச்சுத்தான் 'தெர்மாலிஸ்'னு பேரு வந்துச்சு. நம்மாளுங்களுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே இதைத் தெரியும். குறுந்தொகை 128-ம் பாட்டுல பரணர் ஒரு கிழட்டு நாரையைக் காட்டுவார். பறக்கத் தெம்பில்லாம கிழக்குக் கடலோரம் இருந்துக்கிட்டு, எங்கயோ மேற்குல தொண்டித் துறையில இருக்கிற அயிரைக்குத் தலையை நீட்டுமாம். எட்டாத காதலுக்கு உவமை!

சுமத்ரா மீனுக்கு ஏன் காசு கொட்டணும்? நம்ம வாய்க்கால்ல இருக்கிற அயிரைக்கே வீடு கட்டுவோம்னு முடிவாச்சு. இந்தத் தடவை வீட்டைக் கட்டுறதுக்கு முன்னாடி, குடிவர்றவங்க எங்க எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டு வரணும். அதான் அந்தக் காலி டப்பாப் பயணம்.

டி.எம்.வி. ஊரு

முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், அப்புறம் திண்டிவனம். விவசாயக் குடும்பத்துப் பசங்களுக்கு டி.எம்.வி. 7 கடலை தெரிஞ்சிருக்கும். அந்த டி.எம்.வி. திண்டிவனத்தோட சுருக்கம்தான். இங்க இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் குடுத்த ரகம் அது. ஊரை ஒட்டி இருக்கிற கிடங்கல், சிறுபாணாற்றுப்படையில வர்ற நல்லியக்கோடனோட ஊர். பாணர்களுக்கு விருந்து வெச்ச ராஜா!

எங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தது ஒரு விலங்கியல் சீனியர் அண்ணன். கொலைக் கதையைப் பொறுமையாக் கேட்டாரு.

"மீன் சுவாசிக்கிறப்பவும் கழிவு விடுறப்பவும் தண்ணியில அம்மோனியா சேரும் தம்பி. அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். அது அவ்வளவு மோசமில்லை, செடி உரமா எடுத்துக்கும். புதுத் தொட்டியில இந்த பாக்டீரியா ரெண்டும் கிடையாது. உருவாக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். நீ அன்னைக்கே மீனை விட்டுட்ட. குளோரினையும் எடுக்கலை."

அதாவது என் மீனுங்க செத்தது பசியால இல்லை, நோயால இல்லை. என் அவசரத்தால! டீ கசந்துச்சு.

வாய்க்கால் பாடம்

அண்ணன் பைக்ல மூணு பேரும் (போலீஸ் அண்ணா, மன்னிச்சுடுங்க) கூட்டேரிப்பட்டு வழியா வீடூர் அணைக்குப் போனோம். வராக நதியும் தொண்டி ஆறும் சேருற இடத்துல 1959-ல் கட்டின அணை. 32 அடி உயரம். இங்கிருந்து கிளம்புற தண்ணிதான் சங்கராபரணியா வில்லியனூர் பக்கம் போகுது.

எங்க பாடம் நடந்தது அணையில இல்லை, ஒரு வயலோர வாய்க்கால்ல. முழங்கால் ஆழம்கூட இல்லை. குப்புறப் படுத்துக்கிட்டுப் பாத்தோம். முதல்ல வெறும் மணல்தான் தெரிஞ்சுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு மணல்ல ரெண்டு கண்ணு! ஒரு அயிரை கழுத்து வரைக்கும் புதைஞ்சு உட்கார்ந்திருக்கு. இன்னொண்ணு வாய் நிறைய மணலை அள்ளி, சாப்பிடுறதை வெச்சுக்கிட்டு மீதியைச் செவுள் வழியாத் துப்புது. திடீர்னு ஒண்ணு மேல வந்து ஒரு வாய் காத்தை முழுங்கிட்டு சர்ருன்னு கீழ போச்சு.

"இந்த ஜாதிக்கு குடலே ரெண்டாவது நுரையீரல் மாதிரி. தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சா காத்தை முழுங்கிச் சமாளிக்கும்"னாரு அண்ணன்.

நோட்டுல எழுதிக்கிட்டேன்: நைஸ் மணல். மெல்லிய ஓட்டம். கரையோரம் செடி நிழல். கூழாங்கல் இடுக்கு. கூட்டம். கலர் கல்லு எங்கயும் இல்லை!

மணல் எங்கே?

வீடு கட்டுறதுல பெரிய தலைவலி மணல்தான். பக்கத்துல கட்டட வேலை நடக்குற இடத்துல கேட்டா எம்-சாண்ட் குடுத்தாங்க. பாறையை உடைச்சது, முனை கூரா இருக்கும். மணலை வாயால சலிக்கிற மீனுக்கு அது கண்ணாடித் தூள் மாதிரி. கடைசியில எங்க கொல்லையிலயே, வீடு கட்டினப்ப மிஞ்சின ஆத்து மணல் ஒரு ஓரமாக் கிடந்துச்சு. கொசுவலையில சலிச்சு, பத்து பக்கெட் தண்ணி மாத்திக் கழுவினேன். பத்தாவது பக்கெட் தூக்குறப்போ தங்கச்சி வாசப்படியில நின்னு பாத்தா. ஒண்ணும் சொல்லலை.

கூழாங்கல்லை முதல்ல தொட்டியோட அடிக்கண்ணாடி மேலயே உட்கார வெச்சோம். மணல் மேல வெச்சா, மீன் அடியில தோண்டுறப்போ கல்லு சரிஞ்சு நசுக்கிடும். அப்புறம் ரெண்டு இஞ்ச் மணல். பின்னாடி நீள நீளமா வாலிஸ்நேரியா. நடுவுல கொட்டிக்கிழங்கு. ஆமாங்க, நம்ம ஏரியில வளர்ற அதே கொட்டிதான், மீன் தொட்டிக்கும் ஜோரான செடி. மேல கொஞ்சம் வேலம்பாசி. ஒரு மூலையில நல்லா வேக வெச்ச கொட்டாங்கச்சி, குகை மாதிரி கவிழ்த்து வெச்சது. ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப். திண்டிவனம் அண்ணன் தன்னோட பழைய தொட்டி ஸ்பாஞ்சைப் பிழிஞ்சு அழுக்குத் தண்ணியை ஒரு பாட்டில்ல குடுத்திருந்தாரு. பாக்டீரியா சீதனம்!

அப்புறம்... வெயிட்டிங். ஆறு வாரம். வெறும் செடி இருக்கிற தொட்டியில தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டேன், அது அழுகி அம்மோனியா உண்டாகி பாக்டீரியா வளரட்டும்னு. "இல்லாத மீனுக்கு தீனி போடுறான் பாருங்க"ன்னு அம்மா அப்பாகிட்ட சொன்னாங்க. இதுல இன்னொரு லாபம், செடி வேர் புடிச்சுக்கும். இல்லைன்னா அயிரை ஒரே நாள்ல கிளறி மிதக்க விட்டுடும்.

ஆறாவது வாரம் டெஸ்ட் கிட்ல அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட நான் அவ்வளவு குதிச்சதில்லை.

ஆறு விருந்தாளிகள்

மறுபடியும் அதே வாய்க்கால். வயல்ல தண்ணி வடிய விட்டுக்கிட்டிருந்த ஒரு தாத்தா, சேறுல துள்ளின அயிரைங்கள்ல ஆறை அள்ளி டப்பாவுல போட்டாரு.

"ஆறு போதும் தாத்தா."

"இன்னா தம்பி, ஆறு மீனுல குழம்பு எப்பிடி?"

"குழம்புக்கு இல்ல தாத்தா, வளர்க்க."

மதுரைக்காரனைப் பாத்து, "நீயாச்சும் சொல்லக்கூடாதா?"ன்னாரு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவன் துக்கம் அவனுக்கு!

வீட்டுக்கு வந்து, டப்பாவுல கொஞ்சம் கொஞ்சமாத் தொட்டித் தண்ணியைக் கலந்து, ஒரு மணி நேரம் கழிச்சு விட்டோம். ஆறும் ஒரே நொடியில மணலுக்குள்ள மாயம். தங்கச்சி வந்து எட்டிப் பாத்துட்டு, "இதுக்குத்தான் ரெண்டு மாசமா?"ன்னு கேட்டா. பேசிட்டா!

ராத்திரி லைட்டை அணைச்சதும் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. கொட்டாங்கச்சிக்குள்ள ரெண்டு, கண்ணாடி ஓரமா ஒண்ணு. தங்கச்சி டார்ச்சைத் துப்பட்டாவால மூடிக்கிட்டு பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தா. மூணு மாசம் ஆச்சு, ஆறும் சௌக்கியம்.

ஒரு நாள் மதுரைக்காரனோட ஊருக்குத் தெற்கே தென்பெண்ணைப் பக்கம் போனேன். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்போ மயிலத்துல 51 சென்டிமீட்டர், திண்டிவனத்துல 37 சென்டிமீட்டர் மழை கொட்டினதும், அடுத்த நாள்கள்ல இந்த ஆறு ஊருக்குள்ள புகுந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போ ஓரமா ஒரு கோடு தண்ணி. மணல் அள்ளின பள்ளத்துல களிமண்ணும் கோரையும். ஒரு பக்கெட் மணலுக்கு நான் பத்துத் தடவை தண்ணி மாத்தினேன். இங்கேயிருந்து லாரி லாரியாப் போயிருக்கு. மதுரைக்காரன் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவாச் சொன்னான்:

"மாப்ள, மணல் இருந்தாத்தான்டா குழம்பும்."

அயிரை வளர்க்கப் போறீங்களா?

* ரெண்டடித் தொட்டிக்கு அஞ்சாறு போதும். தனியா ஒண்ணை மட்டும் வளர்க்காதீங்க.
* குழாய்த் தண்ணியில குளோரினை நீக்கிட்டுத்தான் ஊத்தணும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணி மாத்துங்க.
* தொட்டிக்கு மூடி கட்டாயம். துள்ளிக் குதிக்கும்.
* வலை போட்டுப் பிடிக்காதீங்க. கண்ணுக்குக் கீழ இருக்கிற முள்ளு வலையில சிக்கும். டம்ளர்ல அள்ளுங்க.
* அடியில மூழ்குற தீனியை, விளக்கு அணைச்ச பிறகு போடுங்க.
* கழுவேலி மாதிரி சரணாலயங்கள்ல மீன் பிடிக்கிற வேலையே வேண்டாம்.
* கடையில வாங்கின வெளிநாட்டு மீனை, அலுத்துப் போச்சுன்னு ஏரியில விடாதீங்க. அப்படி விட்ட சக்கர் மீனுங்கதான் இன்னைக்குத் தமிழ்நாட்டுல பல நீர்நிலைகளுக்குத் தலைவலி!