ஊத்துக்கோட்டையும் தோரமல்லிக் கல்லும்

சென்னையிலிருந்து பெரியபாளையம் வழியாகத் திருப்பதிக்குப் பஸ்ஸில் போனவர்கள் ஊத்துக்கோட்டையைப் பார்த்திருப்பார்கள். பார்த்திருப்பார்கள் என்பதைவிடத் தாண்டியிருப்பார்கள் என்று சொல்வதே பொருத்தம். ஏழுமலையானை நினைத்துக்கொண்டு புறப்பட்டவர்களுக்கு வழியிலுள்ள ஊர் கண்ணில் படுவதில்லை. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசப்படுவதைக் கேட்டு, "ஓகோ, எல்லை வந்துவிட்டது!" என்று எண்ணுவதோடு சரி.

ஆனால் ஊத்துக்கோட்டை இறங்கிப் பார்க்கத்தக்க ஊர். ஊரை ஒட்டி ஆரணியாறு ஓடுகிறது. எல்லைக்கு அப்பால் சிறிது தூரத்தில் சுருட்டப்பள்ளி. அங்கே ஆலகால விஷத்தை உண்ட சிவபெருமான் அம்பிகையின் மடியில் தலை சாய்த்துப் பள்ளிகொண்டிருக்கிறார். சிவாலயத்தில் சயனக் கோலம் காண்பது அபூர்வம். கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து 152 கிலோமீட்டர் தூரம் ஆந்திர பூமியில் ஓடி வரும் கிருஷ்ணா நீர், 1996ஆம் ஆண்டு முதல் இவ்வூரை அடுத்த எல்லையில்தான் தமிழ்நாட்டுக்குள் பிரவேசிக்கிறது. பிறகு பூண்டி ஏரியை அடைந்து சென்னைவாசிகளின் தாகத்தைத் தணிக்கிறது.

பூண்டி என்றதும் மற்றொரு பெருமையும் நினைவுக்கு வருகிறது. அதற்கு அருகில்தான் அதிரம்பாக்கம் இருக்கிறது. 1863ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் அங்கே ஆதிமனிதனின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் மிகப் பழமையானவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. குவார்ட்சைட் என்னும் கெட்டியான கல்லை அந்த மனிதர்கள் தேர்ந்தெடுத்து, வேண்டிய இடத்தில் தட்டி, வேண்டிய கூர்மையை உண்டாக்கினார்கள். எந்தக் கல் உதவும், எந்தக் கல் உதவாது என்று பிரித்தறியும் கண் இந்தப் பிரதேசத்தில் அவ்வளவு தொன்மையானது!

அத்தகைய பூமியில் வாழும் நாம் இன்று கல்லை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? கடைக்காரர் சொல்லும் பெயரைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். அதன் பலன் என்ன என்பதற்கு இவ்வூரிலேயே ஓர் உதாரணம் கிடைத்தது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பெண்ணின் ஜாதகத்தில் சூரியன் பலம் குன்றியிருப்பதாக யாரோ சொன்னார்கள். சூரியனுக்கு உரிய கல் மாணிக்கம் அல்லவா? பட்டணத்துக் கடை ஒன்றில் மாணிக்கத்தின் விலை கொடுத்து ஒரு மோதிரம் வாங்கினார்கள். ரோஜாவும் மாதுளை முத்தும் கலந்தாற்போன்ற நிறம். பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். சில வருஷங்கள் கழித்து, மோதிரத்தைச் சற்றே பெரிதாக்குவதற்காக ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவிலுள்ள ஒரு வயதான பத்தரிடம் கொண்டுபோனார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதை என்னன்னு சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

"மாணிக்கம்னுதான் சொன்னாங்க, பத்தரே. ஏன்?"

"கெம்பா இருந்தா இவ்வளவு சீக்கிரம் விளிம்பு மழுங்காதும்மா. எதுக்கும் ஒரு தடவை சோதனைக்கு அனுப்பிப் பாருங்க. அதுவரைக்கும் நான் இதுல நெருப்பு வைக்க மாட்டேன்."

சோதனைச் சாலையிலிருந்து சீட்டு வந்தது. கல் கண்ணாடி அல்ல, போலியும் அல்ல. பூமியில் விளைந்த உண்மையான இரத்தினந்தான். ஆனால் மாணிக்கம் அன்று, இளஞ்சிவப்பு டூர்மலின். அன்று மாலையே அந்த மோதிரம் பெட்டிக்குள் போயிற்று. நேற்றுவரை அழகாயிருந்த கல் ஒரு காகிதத்தைப் படித்ததும் அவலட்சணமாகிவிட்டது! குற்றம் கல்லினுடையதா? விற்றவன் சொன்ன பொய்க்குக் கல்லைத் தண்டிப்பது எந்த நியாயம்?

டூர்மலின் என்பது நமக்கு ஏதோ அந்நியப் பெயர்போல் ஒலிக்கிறது. உண்மையில் அது நமக்கு அண்டை வீட்டுச் சொல். இலங்கை இரத்தின வியாபாரிகள், இன்னதென்று தனித்துப் பெயரிடாத பல வண்ணக் கற்களைச் சிங்களத்தில் 'தோரமல்லி' என்று பொதுவாக அழைத்து வந்தார்கள். அந்தத் தோரமல்லிதான் கடல் கடந்து டூர்மலின் ஆயிற்று.

அது கடல் கடந்த வரலாற்றை அறிய ஆரணியாற்றின் போக்கிலேயே கிழக்கு நோக்கிப் போகலாம். பெரியபாளையம், பொன்னேரி முதலிய ஊர்களைத் தாண்டிச் சென்றால் ஆறு பழவேற்காட்டுப் பக்கம் நம்மைக் கொண்டுபோய் விடும். அங்கே டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டில் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடம் பழவேற்காடுதான். இன்று கோட்டை இடிந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது. எலும்புக்கூடுகளைச் செதுக்கிய வாயில் தூண்களோடு கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது. இந்த டச்சுக் கம்பெனியார்தாம் 1656ஆம் ஆண்டில் கொழும்பையும் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தார்கள். இலங்கையின் இலவங்கப் பட்டையோடு இரத்தினக் கற்களும் அவர்களுடைய கப்பல்களில் ஏறின.

1703ஆம் ஆண்டில் அவ்வாறு ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்த கற்களில் தோரமல்லியும் இருந்தது. நெருப்பருகே சூடேறிய அந்தக் கல், சாம்பல் துகள்களைத் தன்பால் இழுத்துப் பிறகு உதறித் தள்ளியதாம்! டச்சுக்காரர்கள் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்று தங்கள் பாஷையில் பெயர் வைத்தார்கள். புகைக்குழாயில் உள்ள சாம்பலை எடுக்கவும் அதை உபயோகித்ததாகச் சொல்லுவார்கள். 1747ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்ற பேரறிஞர் இதை 'மின்சாரக் கல்' என்றார். 1756ஆம் ஆண்டில் ஏப்பினஸ் என்பவர், சூடேறும்போது கல்லின் இரு முனைகளிலும் நேர் மின்னும் எதிர் மின்னும் தனித்தனியே தோன்றுகின்றன என்று நிரூபித்தார். 1880ஆம் ஆண்டில் பியர் கியூரியும் அவருடைய தமையனாரும், சூடாக்காமல் அழுத்தினாலும் இத்தகைய படிகங்களில் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். கீழ்நாட்டு வியாபாரிகள் பொதுப்பெயரிட்டு மூட்டை கட்டிய கல், மேல்நாட்டு விஞ்ஞானத்துக்கு ஒரு பாடப் புத்தகமே ஆகிவிட்டது. கல் நம்முடைய பக்கத்தது. அதைக் கேள்வி கேட்டவர்கள் அவர்கள். இதில் வருந்துவதற்கு இடமுண்டு, கற்றுக்கொள்வதற்கும் இடமுண்டு.

இனி, கல்லின் வகைகளைப் பார்ப்போம்.

தோரமல்லி ஒரே கல் அன்று. ஒரு பெரிய குடும்பம். போரான், அலுமினியம், சிலிக்கா ஆகியவற்றோடு வேறு பல உலோகங்கள் சேர்வதற்கு ஏற்ப நிறம் மாறும். இரும்பு மிகுந்தால் கறுப்பு. குரோமியம் அல்லது வனேடியம் சேர்ந்தால் நல்ல பச்சை. லிதியம் கலந்த இனத்திலே மாங்கனீஸ் புகுந்தால் நம் கதாநாயகியாகிய இளஞ்சிவப்பு. பூமிக்குள் பக்கத்துப் பாறைகளிலிருந்து வரும் கதிரியக்கம், நெடுங்காலத்தில் அந்த மாங்கனீஸை மாற்றி நிறத்தை ஆழமாக்குகிறது. இலங்கையில் மிகுதியாகக் கிடைப்பவை பழுப்பு, மஞ்சள், பச்சை வகைகள். இளஞ்சிவப்புக்குப் பெயர் பெற்ற இடங்கள் பிரேசில், மடகாஸ்கர், மொசாம்பிக், நைஜீரியா, ஆப்கானிஸ்தானம் முதலியவை.

இளஞ்சிவப்பிலும் பல படிகள் உண்டு. தாமரை மொட்டின் நுனியைப் போன்ற வெளிர் நிறம் முதற்படி. பன்னீர் ரோஜாவின் நிறம் அடுத்தது. அதற்கும் மேலே, செம்மை மேலோங்கிய ஆழ்ந்த நிறக் கல்லை 'ரூபெல்லைட்' என்று வியாபாரத்தில் தனிப்பெயரிட்டு உயர்ந்த விலை சொல்லுவார்கள். அந்தப் பெயருக்கு ஒரு பரீட்சை உண்டு. பகல் வெளிச்சத்திலும் மஞ்சள் விளக்கொளியிலும் கல் ஒரே மாதிரி சிவந்து நிற்க வேண்டும். விளக்கடியில் பழுப்பேறித் தோன்றுமானால் அதை இளஞ்சிவப்பு டூர்மலின் என்று அழைப்பதே நேர்மை. இன்னொரு வேடிக்கையான வகை, உள்ளே சிவப்பும் வெளியே பச்சையுமாக இருப்பது. குறுக்கே அறுத்தால் தர்ப்பூசணித் துண்டேதான்! அந்தப் பழத்தின் பெயராலேயே அதை வழங்குகிறார்கள்.

தரத்தை நிர்ணயிப்பதில் நிறமே தலைமை ஸ்தானம் வகிக்கிறது. நிறம் செழுமையாக இருக்க வேண்டும். ஆனால் இருண்டுவிடக் கூடாது. பழுப்பும் சாம்பலும் கலக்காமல் இருப்பது விசேஷம். அடுத்தது தெளிவு. இங்கே ஓர் எச்சரிக்கை: இந்தக் கல்லில் மெல்லிய நூல் போன்ற கீற்றுகளும் திரவம் அடைத்த நுண்ணிய குழிகளும் இருப்பது இயற்கை. செம்மை மிகுந்த கற்களில் மாசே இல்லாதது அபூர்வத்திலும் அபூர்வம். ஆகையால் கண்ணை உறுத்தாத கீற்றுகளுக்காகக் கல்லைத் தள்ள வேண்டாம். ஆனால் மேற்பரப்பு வரை வந்து எட்டும் வெடிப்பு இருந்தால் தள்ளிவிடுங்கள்.

மூன்றாவது, பட்டை தீட்டிய திறமை. தோரமல்லியை ஒரு பக்கமிருந்து பார்த்தால் ஒரு சாயை. படிகத்தின் நீளவாக்கில் பார்த்தால் அதைவிட ஆழ்ந்த சாயை. எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்று அறிந்து தீட்டுபவனே தேர்ந்தவன். வெளிறிய கல்லுக்கு ஆழ்ந்த பக்கத்தையும், இருண்ட கல்லுக்கு வெளிறிய பக்கத்தையும் அவன் முகமாக அமைப்பான்.

நான்காவது, செயற்கைச் சிகிச்சை. வெளிர் கல்லைக் கதிரியக்கத்துக்கு உட்படுத்திச் சிவக்கச் செய்வதுண்டு. பூமி லட்சக்கணக்கான வருஷங்களில் செய்வதை மனிதன் அவசரமாகச் செய்கிறான். பிறகு அதைக் கண்டுபிடிப்பது சோதனைச் சாலைக்கும் கடினம். வெடிப்புகளில் எண்ணெயோ பிசினோ ஊட்டி மறைப்பதும் உண்டு, இதைக் கண்டுபிடிக்கலாம். இரண்டையும் சொல்லி விற்றால் வியாபாரம்; மறைத்து விற்றால் மோசடி.

மாணிக்கத்திலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? மாணிக்கத்தின் கடினம் 9. தோரமல்லியினுடையது 7 முதல் 7½ வரை. நம் தெருப் புழுதியிலுள்ள குவார்ட்ஸ் மணலின் கடினமும் 7 என்பதால், நாள் செல்லச் செல்லத் தோரமல்லியின் விளிம்பு தேயும். பத்தரின் கண்ணில் பட்டது இதுதான். மேலும், மாணிக்கம் கனமானது. ஒரே பருமனுள்ள இரண்டு கற்களில் மாணிக்கம் 4 காரட் எடையிருந்தால் தோரமல்லி ஏறக்குறைய 3 காரட்டே இருக்கும். பூதக்கண்ணாடியால் மேல்முகத்தின் வழியே உள்ளே நோக்கினால், அடிப்பட்டைகளின் விளிம்புகள் தோரமல்லியில் இரண்டிரண்டாகத் தெரியும். சாம்பலை இழுக்கிறதா என்று வீட்டில் சோதிக்கலாமே என்று சில நேயர்கள் எண்ணக்கூடும், வேண்டாம். துணியில் தேய்த்த கண்ணாடியும் தூசியை இழுக்கும். சூடு வைத்தாலோ நல்ல கல் வெடித்துவிடும். ஜெய்ப்பூர் முதலிய இடங்களில் இதற்கென்றே சோதனைச் சாலைகள் இருக்கின்றன.

ஏமாந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1777ஆம் ஆண்டில் சுவீடன் அரசர் மூன்றாம் குஸ்டாவ், ருஷ்யச் சக்கரவர்த்தினி காதரீனுக்குத் திராட்சைக் கொத்து வடிவிலான பெரிய செங்கல் ஒன்றைப் பரிசளித்தார். 'சீசரின் மாணிக்கம்' என்று அதற்குப் பெயர். பின்னாளில் ஆராய்ந்தபோது அது தோரமல்லி என்று வெளியாயிற்று. மாஸ்கோவின் அரசாங்கப் பொக்கிஷத்திலிருந்து அதை யாரும் தூக்கி எறிந்துவிடவில்லை. இதற்கு மாறாக, சீனப் பேரரசி ஸூ சீ இந்தக் கல்லை இந்தக் கல்லென்று அறிந்தே விரும்பினாள். அவளுக்காக அமெரிக்காவில் கலிபோர்னியாவின் தென்பகுதிச் சுரங்கங்களிலிருந்து ஏராளமான இளஞ்சிவப்புத் தோரமல்லி சீனத்துக்குச் சென்றது. 1908ஆம் ஆண்டில் அவள் மாண்டாள். 1912ஆம் ஆண்டில் அரசகுலமும் முடிந்தது. அந்தச் சுரங்கங்களின் வியாபாரமும் கூடவே சரிந்தது. விலை என்பது கல்லுக்குள் இருப்பதன்று, மனிதர் மனத்தில் இருப்பது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

தமிழருக்கு இந்த விவேகம் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையைப் படித்தவர்கள், மதுரை இரத்தினக் கடைத்தெருவில் கற்களை இனம் பிரித்து, குணமும் குற்றமும் சொல்லி விற்றதை அறிவார்கள். காங்கேயம் சீமையின் பெரில் கற்களுக்கு ரோமாபுரி வரையில் மதிப்பு இருந்தது. கொடுமணலில் அகழ்ந்தெடுத்த கல்மணிப் பட்டறைகள் அந்தக் கைத்திறனுக்குச் சாட்சி கூறுகின்றன. அத்தகைய மரபில் வந்தவர்கள், வாங்கும் கல்லின் பெயரைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்கக் கூச்சப்படலாமா?

ஆகையால் நேயர்களுக்கு நான் சொல்வது இதுதான். பகல் வெளிச்சத்தில் ஒரு தரமும் விளக்கொளியில் ஒரு தரமும் கல்லைப் பாருங்கள். பின்புறம் மூடிக் கட்டிய கல்லுக்குப் பெரிய விலை கொடாதீர்கள். கல்லின் பெயர், எடை, செய்த சிகிச்சை மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். வாங்கியபின் வெந்நீர் ஆவியும் பத்தரின் நெருப்பும் படாமல், இளஞ்சூடான சோப்பு நீரில் கழுவி மெல்லிய துணியால் துடையுங்கள். தோரமல்லியைத் தோரமல்லி என்று அறிந்து, தோரமல்லியின் விலைக்கு வாங்கி அணிகிறவளுக்கு அந்தக் கல் ஒருநாளும் அவலட்சணமாகத் தோன்றாது. மாணிக்கம் என்ற பொய்ப்பெயரைக் கழற்றிவிட்டால் அந்த இளஞ்சிவப்பு நிறத்தில் குறைவது எதுவும் இல்லை.