மல்யுத்த மேடையும் நாங்களும்

மல்யுத்தம் என்றவுடன் எங்கள் கேமரன் மலைத் தோட்டங்களின் முதியோர் இன்றும் இரு பெயர்களையே மொழிவர்: கிங்காங், தாராசிங். முன்னவரின் இயற்பெயர் எமில் சாயா. 1909இல் பிறந்த அங்கேரியர். யானை போன்ற உடலினர். தாராசிங் 1928இல் பஞ்சாபில் பிறந்தவர். இளமையில் சிங்கப்பூர் வந்து, ஆலையில் உழைத்துக்கொண்டே மல்யுத்தம் பயின்று, கோலாலம்பூரில் தார்லோக் சிங்கை வென்று புகழ் பெற்றார். கூலி வேலைக்கு வந்தவர் வீரரானார் என்பதால்தான் போலும், நம் தாத்தாமார்களுக்கு அவர்மீது அத்துணைப் பற்று! பிற்காலத்தில் அவரே தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகத் தோன்றினார்.

இத்தோட்டத்தின் முன்னாள் மாணவர்களாகிய எங்களுக்கும் அப்பற்று தொற்றிக்கொண்டது. அமெரிக்கப் பெருங்குழுக்களின் ஆட்டத்தைவிட, 2014இல் நம் நாட்டில் தோன்றிய மலேசியா புரோ ரெஸ்லிங் என்னும் சிறு குழுவையே நாங்கள் பெரிதும் விரும்புகிறோம். அதன் ஆட்டங்களைக் காண, தாப்பா வழியாக வளைந்து வளைந்து மலையிறங்கித் தலைநகர் செல்வோம். மேடைக்கு அருகிலேயே அமரலாம். பலகை அதிர்வது நம் நெஞ்சிலும் அதிரும்.

"எல்லாம் பேசி வைத்த நாடகந்தானே?" என்று எங்களை எள்ளுவோர் உளர். வெற்றி தோல்வி முன்னரே முடிவு செய்யப்படுவது உண்மையே. ஆயின், துரியோதனன் மடிவான் என்பதை அறியாமலா நம் முன்னோர் விடிய விடியக் கூத்துப் பார்த்தனர்? மேலும், விழுவது மெய்யான விழுகைதான். மெத்தைபோல் தோன்றும் தரையின் அடியில் இருப்பவை பலகையும் இரும்புச் சட்டமுமே. மோவாயை மார்போடு ஒட்டி, மூச்சை விட்டு, முதுகு முழுவதும் ஒருசேரப் படியுமாறு விழுந்து, கைகளால் தரையை அறைய வேண்டும். தலை முந்தினால் கழுத்துக்கு ஆபத்து. தூக்கி எறிபவரே எதிராளியின் உயிருக்குக் காவலர். பகைவர்போல் நடிக்கும் இருவரிடையே அத்தகைய நம்பிக்கை வேண்டும். (மாணவச் செல்வங்களே, வகுப்பறை மேசை மேலிருந்து இதனைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்!)

இவர்களுள் எங்கள் மனங்கவர்ந்தவர் 'பீனிக்ஸ்' நோர் டயானா. துடோங் அணிந்தே மல்யுத்தம் புரியும் மங்கை. மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே பயின்றவர். முதலில் முகமூடியுடன் மேடையேறினார். 2018இல் ஓர் ஆட்டத்தில் தோற்றபின் அதனைக் களைந்தார். மறு ஆண்டு, 19 வயதில், நான்கு ஆடவரை வென்று பட்டம் சூடினார். அப்போது அவர் உயரம் 155 சென்டிமீட்டர். எடை 43 கிலோ.

"பெண் பிள்ளைக்கு இது தகுமா?" என்று எங்கள் அன்னையர் வினவினர். நாள்தோறும் கொழுந்துச் சுமையோடு சரிவேறிய அன்னையரே அவ்வாறு வினவியது எங்களுக்கு வியப்பளித்தது! நாங்கள் விடை கூறவில்லை. டயானாவின் ஆட்டத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். பார்த்து முடித்தபின் ஒருவரும் பேசவில்லை. உடனிருந்து பார்த்த ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும், மறுநாள் கொழுந்து நிறுக்கும் தராசில் ஏறி நின்று, "எனக்கு இன்னும் ஐந்து கிலோதான் வேண்டும்" என்றாள்.