ஃபைல் ஏன் போய்ச் சேரவில்லை?

கோடு வழியாக அப்லோட் செய்யும்போது சர்வர் 400 என்று திருப்பி அனுப்பினால், வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் முதலில் ஃபைலைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஹெட்டரை.

பைத்தான் ரெக்வெஸ்ட்ஸில் ஃபைலைக் கொடுத்தாலே போதும், கன்டென்ட்-டைப்பை அதுவே எழுதிக்கொள்ளும். கூடவே ‘பவுண்டரி’ என்று ஓர் எழுத்துச் சரத்தையும் சேர்க்கும். எந்தப் பகுதி எங்கே முடிகிறது என்று சர்வர் அதை வைத்துத்தான் பிரிக்கிறது. ‘மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா’ என்று நாமே எழுதி வைத்தால் பவுண்டரி விடுபட்டுப்போகும். பைட் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் பிரிக்க வழியிருக்காது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டாலே பல நேரம் அப்லோட் ஓடிவிடும்.

413 வந்தால் விஷயம் வேறு. என்ஜின்எக்ஸ் சர்வர், அமைப்பை மாற்றாதவரை, 1 எம்பிக்கு மேல் வாங்காது. உங்கள் கோடில் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது.

இந்த மல்டிபார்ட் அப்லோட் முறை 1995-இல் ஆர்எஃப்சி 1867-ஆக வந்தது. இன்னமும் பல சேவைகள் காரணம் சொல்லாமல் வெறும் எண்ணைத்தான் அனுப்புகின்றன. ஏபிஐ எழுதும் நண்பர்களே, ‘பவுண்டரி இல்லை’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். எங்கோ ஒருவர் ராத்திரி தூங்கப் போவார்.