நேரத்துக்குக் கூலியா, வேலைக்குக் கூலியா?

தாமே செய்ய இயலாத வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது உலக வழக்கு. வீட்டுக்குச் சாயம் பூசுவது முதல் பள்ளி ஆண்டு மலரை அச்சேற்றுவது வரை இது நிகழ்கிறது. அப்போது எழும் முதல் வினா கூலியைப் பற்றியது. மணிக்கு இவ்வளவு எனக் கொடுப்பதா, முடித்த வேலைக்கு மொத்தமாக இவ்வளவு எனப் பேசி விடுவதா? இதனை வெறும் பணக்கணக்காகவே பலரும் கருதுவர். சற்று ஆழ்ந்து நோக்கின், எதிர்பாராத இடர் நேர்ந்தால் அதன் இழப்பை யார் சுமப்பது என்னும் வினா அதனுள் அடங்கியிருப்பது புலனாகும். வேலை நீண்டுவிட்டால், மணிக்கூலியில் இழப்பு கொடுப்பவருக்கு. மொத்தக் கூலியில் இழப்பு செய்பவருக்கு.

மலேசியத் தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. ரப்பர்த் தோட்டங்களில் இருவகைக் கூலியும் வழங்கின. புல் வெட்டும் வேலை ஏக்கர் கணக்கில் குத்தகைக்கு விடப்பட்டதுண்டு. வெட்டிய இடம் கண்ணுக்குத் தெரியும். அதனை எளிதில் அளந்துவிடலாம். பால்வெட்டோ அத்தகையதன்று. ரப்பர்ப் பால் மரத்தின் பட்டையில் இருக்கிறது. பட்டைக்கு அடியில், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்தை உளி தீண்டாதவாறு சீவ வேண்டும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த ஹென்ரி ரிட்லி 1890களில் வகுத்த வெட்டுமுறையின் சிறப்பே அதுதான். உளி ஆழப் பாய்ந்தால் மரம் காயப்படும். புதுப்பட்டை மேடு பள்ளமாக வளரும். பின்னர் அவ்விடத்தில் செம்மையாக வெட்ட இயலாது.

பாலின் எடைக்கு மட்டுமே கூலி என்றால், இன்றைய எடைக்காக நாளைய மரம் பலியாகும். நாளுக்கு மட்டுமே கூலி என்றால், கருத்தாய் உழைப்பவரும் ஏனோதானோவென்று வெட்டுபவரும் ஒன்றாக எண்ணப்படுவர். ஆதலின், குறித்த எண்ணிக்கை மரங்கள் கொண்ட நிரைக்கு நாட்கூலியும், வரையறுத்த எடைக்கு மேற்பட்ட பாலுக்குத் தனித்தொகையும் தரும் முறை தோட்டங்களில் கையாளப்பட்டது. எனினும் அதிலும் குறை இருந்தது. விடியற்காலை மழையில் மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலியும் கிட்டாத நிலை நெடுங்காலம் நிலவியது. மழைக்குப் பொறுப்பில்லாத தொழிலாளியே மழையின் இழப்பைச் சுமந்தார். கூலிக்கு இட்ட பெயரைக் கொண்டு மட்டும் அதன் நியாயத்தை அளக்கலாகாது என்பதற்கு இதுவே சான்று.

இப்படிப்பினையை இன்றைய வேலைகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். சுவருக்குச் சாயம் பூசும் வேலையை முன்னரே அளக்க முடியும். அதற்கு மொத்தக் கூலி பொருந்தும். ஒழுகும் கூரையைச் செப்பனிடுவது வேறு. ஓட்டைப் பிரித்த பின்னரே உள்ளே எத்தனை சட்டங்கள் உளுத்துள்ளன என்பது தெரியும். அதற்கு முன்பே விலை பேசினால், குத்தகையாளர் அச்சத்தால் தொகையை உயர்த்துவார்; அல்லது குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு, பின்னர் நட்டத்துக்கு அஞ்சி மலிவான பொருளை இடுவார். பிரித்துப் பார்க்கும் வேலைக்கு மணிக்கூலியும், சேதம் தெரிந்த பின் செப்பனிட மொத்தக் கூலியும் தருவது இருவருக்கும் நலம்.

எழுத்துப் பணிக்கும் இது பொருந்தும். 150 பக்க நூலுக்கு மெய்ப்புத் திருத்த வேண்டும் என்க. முதல் பத்துப் பக்கங்களை மணிக்கு 20 வெள்ளி வீதம் கொடுத்துத் திருத்தச் செய்யலாம். அதற்கு இரண்டு மணி நேரம் ஆயின், பக்கத்துக்கு 4 வெள்ளி, நூலுக்கு 600 வெள்ளி என்பது தானே விளங்கும். கைப்படி தெளிவற்றதாயிருந்து நான்கு மணி நேரம் ஆயின், தொகை இரட்டிப்பாவதே முறை. இவ்வாறு அளந்து பாராமல் பக்கக் கூலியைக் குறைத்துப் பேசுபவர், பிழைகளையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறார்.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பள ஆணை 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டில் அத்தொகை மாதத்துக்கு 1,700 வெள்ளியாகவும், மணிக்கு 8 வெள்ளி 72 காசாகவும் உயர்த்தப்பட்டது. வேலையின் அளவுக்கு ஏற்பச் சம்பளம் பெறும் ஊழியரின் மாத வருவாயும் அதற்குக் குறையலாகாது என்பது விதி. ஆயின் தனியாக வேலையை ஏற்றுச் செய்யும் ஒருவர் ஊழியராகக் கருதப்படுவதில்லை. அவ்விதி அவரைக் காப்பதில்லை. மொத்தமாகப் பேசிய தொகையை அவர் உழைத்த மணிகளால் வகுத்துப் பார்க்கும் கடமை வேலை கொடுப்பவரையே சாரும். ஈவு அந்த 8 வெள்ளி 72 காசுக்கும் கீழே இறங்குமாயின், பேரம் வென்றது என மகிழ்வதற்கு இடமில்லை. வகுத்தல் கற்ற மாணவர் எவரும் இக்கணக்கைப் போட்டுவிடலாம். விடையைக் கண்டபின் தொகையைத் திருத்தி எழுதுவதற்கே மனம் வேண்டும்.