கேட்காமல் விட்ட சலுகை

17 வருடம் ராணுவத்தில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர் அவர். இப்போது இரண்டு ஏக்கரில் கடலை போடுகிறார். சலுகை கேட்பது கையேந்துவது போல என்று நினைத்தவர். மூத்த மகளைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்க மனைவியின் வளையலை அடகு வைத்தார். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் கல்வி உதவித்தொகை பற்றி நண்பர் சொன்னபோது, மகள் இரண்டாம் ஆண்டுக்குப் போயிருந்தாள். முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

இளையவள் பி.எஸ்ஸி. வேளாண்மையில் சேர்ந்ததும், டிஸ்சார்ஜ் புத்தகம், அடையாள அட்டை, மதிப்பெண் சான்றிதழோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் விவரம் கேட்டார். பிளஸ் டூவில் 60 சதவிகிதம் வேண்டும். தேர்வானால் மகளுக்கு மாதம் 3,000 ரூபாய், மகனுக்கு 2,500 ரூபாய். அவளுக்குக் கிடைத்தது.

இப்போது கடையிலும் பில் போடும் முன்பே, "மிலிட்டரிக்காரங்களுக்குத் தள்ளுபடி உண்டுங்களா?" என்று கேட்கிறார். இல்லையென்றால் சிரித்தபடி பணத்தைக் கொடுக்கிறார். கணவரை இழந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம், "அண்ணனோட டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடி எடுங்க அண்ணி, உங்களுக்கும் அட்டை உண்டு" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த வளையல் மட்டும் இன்னும் அடகில்தான் இருக்கிறது.