போதும் என்று சொல்ல ஒரு கடை

மாதத்தில் ஒரு நாள்தான் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார். சம்பளம் போட்ட பிறகு வரும் முதல் ஞாயிறு அது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, ஈப்போ மேடான் கிட்டில் இறங்கி, லகாட் ரோட்டுக்கு நடந்தே போவோம். துணிக்கடை, அடகுக்கடை எல்லாம் அப்புறம். முதலில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை.

மற்ற நாள்களில் அவர் சாப்பாடு கித்தா என்கிற ரப்பர் மரத்தடியில், குந்தியபடிதான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வெட்டத் தொடங்குவார்கள். நிரை முழுதும் வெட்டி முடித்து, பால் எடுக்கப் போகுமுன் கிடைக்கும் சின்ன இடைவெளியில் தூக்குச் சட்டி திறக்கும். முந்தின ராத்திரிச் சோறு, சுட்ட கருவாடு ஒரு துண்டு. எவ்வளவு கழுவினாலும் விரலில் ஒட்டுப்பால் வாடை இருக்கும். கொசு மொய்க்க, வாய்க்கும் சட்டிக்கும் கை போய்வரும். அதைச் சாப்பிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஈப்போக் கடையில் அவர் வேறு ஆள். பளிங்குக் கல் போட்ட வட்ட மேசை, உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுத்துப்போன மர நாற்காலி. உட்கார்ந்ததும் இலை விழும். அப்பா டம்ளரிலிருந்து தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் இலையை ஒரு தரம் வழித்துவிடுவார். ஓரத்தில் ஊறுகாய், மோர் மிளகாய். அடுத்து கத்திரிக்காய்ப் பிரட்டல், தவ்கே என்கிற பயற்று முளை வதக்கல். ஈப்போ தவ்கே குட்டையாக, கொழுகொழுவென்று இருக்கும். சுண்ணாம்பு மலைத் தண்ணீரின் வாகு என்பார்கள். பிறகு ஆவி பறக்க வெள்ளைச் சோறு. மீன் கறியின் புளிப்பும் வெந்தய மணமும் சுடுசோற்றில் இறங்கும்போது இலையே லேசாக வெந்து ஒரு வாசம் கிளம்பும். அந்த வாசத்தை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை.

சில்வர் வாளியோடு பரிமாறுகிறவர் வந்து நிற்பார். "அண்ணே, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

தோட்டத்தில் அப்பாவிடம் இப்படிக் கேட்க யாரும் கிடையாது. அங்கே துரை, கிராணி, கங்காணி என்று எல்லாருக்கும் அவர்தான் குனிந்து பதில் சொல்ல வேண்டும். இங்கே ஒருவர் அவர் பக்கம் குனிந்து, அவர் வாயைப் பார்த்து நிற்பார். அப்பா உடனே பதில் சொல்ல மாட்டார். ஒரு கவளம் மென்று விழுங்கிவிட்டு, "வைங்க" என்பார். மறுபடி கறி, மறுபடி ரசம். மூன்றாம் தரம் வாளி வரும்போது இடது கையை இலைக்கு மேலே குடைபோல் பிடித்து, "போதும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் நிறைவைப் பார்க்கத்தான் நான் அந்த ஞாயிறுக்காகக் காத்திருந்தேன் போலிருக்கிறது.

அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனம் எப்படி வந்தது என்று பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று அரிசிக்குப் பங்கீடு. டின் சாமான் வாங்கினால் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துப் போகக்கூடத் தடை. வேலி வாசலில் சட்டி, துணிமூட்டை எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்கள். பாட்டி வெறும் வயிற்றோடு பால் வெட்டப் போனாள். வீட்டில் அளந்து வேகவைத்த சோற்றை அப்பாவும் அவர் தம்பி தங்கைகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள். போதும் என்று சொல்லும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடிப்பார். முதலாளி எட்டிப் பார்த்து, கோழி ஒன்று, மீன் ஒன்று, சின்னவனுக்குப் பாதி என்று வாயாலேயே கணக்குப் போடுவார். சோற்றுக்கு எத்தனை தரம் வைத்தது என்ற கணக்கு அந்தக் கடையில் கிடையாது.

1985இல் ஈய விலை விழுந்தபோது ஈப்போவே சோர்ந்துபோனது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் தோட்டத்தில் கித்தாவைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவின் புந்தோங்குக்கு வந்து சேர்ந்தோம். கடைக்குப் பக்கமாக வந்த பிறகுதான் கடைக்குப் போவது குறைந்தது. வாடகை, பள்ளிச் செலவு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒருநாள் போய்ப் பார்த்தபோது பலகைக் கதவு அடைத்திருந்தது. இப்போது அங்கே வேறு வியாபாரம். வெள்ளைக் காப்பிக்காகவும் தவ்கே கோழிக்காகவும் எங்கெங்கிருந்தோ ஈப்போவுக்கு வந்து வரிசை பிடித்து நிற்கிறார்கள். நிற்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கால் தானாக மெதுவாகிறது.

போன வருடம் அப்பாவை ஒரு புதுக் கடைக்கு அழைத்துப் போனேன். எண்பது வயது. நல்ல கடை, குளிர்சாதனம், சுத்தம். தட்டில் இலை மாதிரி வெட்டிய தாள், அதன்மேல் கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்த சோறு. அதைச் சாப்பிட்டு முடித்தவர் கை கழுவ எழவில்லை. விரல்களைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு சமையற்கட்டு வாசலையே பார்த்திருந்தார். எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

எழுந்து போய், தம்பா என்று கூடுதலாக வாங்கும் சோற்றுக்கு இரண்டு வெள்ளி கட்டி, கிண்ணத்தை வாங்கி வந்தேன். உட்காரவில்லை. பக்கத்தில் நின்றபடியே, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாப்பா?" என்றேன்.

சற்றுப் பொறுத்து, "வை" என்றார்.

வைத்தேன். மீன் கறி ஊற்றினேன். இரண்டாம் கரண்டிக்குக் குனிந்தபோது, நடுங்குகிற இடது கை எழுந்து தட்டின்மேல் குடை பிடித்தது.