இறுக்கமான இடம்

வானத்தை ஆராய விரும்புகிறவன் முதலில் அழுக்கை ஆராய வேண்டிவரும் என்பதைச் சென்ற தை மாதத்தில் அறிந்துகொண்டேன். அன்று சனிக்கிழமை. வீட்டு முன்னறையில் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து, அவற்றின்மேல் ஒரு தொலைநோக்கியின் தாங்கியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பரப்பியிருந்தேன். எங்கும் மண்ணெண்ணெய் வாடை. “வானத்தைப் பார்க்க வாங்கினீங்களா, வீட்டை நாறடிக்க வாங்கினீங்களா?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. என் மனைவியின் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

ஹட்டனுக்கு அண்மையில் ஒரு கல்லூரியில் பௌதிகவியல் கற்பிக்கிறேன். என் மாணவரிற் பெரும்பாலோர் தோட்டத்து லயங்களிலிருந்து வருபவர்கள். மொறட்டுவை, கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில், 1996ஆம் ஆண்டு ஜப்பானின் உதவியால் அமைக்கப்பட்ட 45 சென்றிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. அங்கே எல்லாரையும் அழைத்துச் செல்லப் பொருள் வசதி இடங்கொடுக்கவில்லை. எனவே ஆறங்குலக் கண்ணாடி பொருத்திய பழைய தொலைநோக்கியொன்றைக் கொழும்பில் ஒருவரிடம் வாங்கிவந்தேன். கண்ணாடி நன்றாகவே இருந்தது. தாங்கிதான் அசைய மறுத்தது.

தாங்கி அசையாவிட்டால் என்ன குறை என்று வாசகர் கேட்கலாம். பூமி சுழல்வதால் வானம் நகர்வதுபோல் தோன்றுகிறது. நூறு மடங்கு பெருக்கிப் பார்க்கும்போது ஒரு விண்மீன் இரண்டு நிமிடங்களுக்குள் பார்வை வட்டத்தைக் கடந்து போய்விடும். அதைப் பிடித்து வைக்க, தாங்கியின் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்தி, 23 மணி 56 நிமிடங்களுக்கு ஒரு சுற்று என்னும் வேகத்தில் மேற்கு நோக்கித் திருப்பவேண்டும். அவ்வச்சின் சாய்வு அவ்வூரின் அகலாங்குக்குச் சமமாயிருக்கும். தமிழ்நாட்டுக் காவலூர் வானாய்வகத்தில் அது பன்னிரண்டரைப் பாகை. நம் ஹட்டனிலோ ஏறக்குறைய 7 பாகைதான். புராணங்கள் போற்றும் துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. அதையும் மலையும் மூடுபனியும் மறைத்துவிடும். என் தாங்கியோ 15 பாகைக்குக் கீழே சாயாது. குளிர்நாட்டாருக்கென்று செய்தது போலும்! தெற்குக் காலின் கீழ் நாலங்குலக் கட்டையொன்று வைத்து அக்குறையைத் தீர்த்தேன்.

மற்றக் குறை உள்ளே இருந்தது. குழாயையும் சமநிறைக் குண்டையும் முதலில் இறக்கி வைத்தேன். அவை இருக்கும்போது திருகாணியைத் தொட்டால் காலில்தான் விழும். கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் முட்டைத் தட்டின் குழிகளில் இட்டேன். அச்சைச் சூழ்ந்திருந்த கிறீஸ் காலத்தால் காய்ந்து, பலாப்பால்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. குளிர் இரவில் அது இன்னும் இறுகும். மண்ணெண்ணெயும் பழைய பற்தூரிகையும் கொண்டு அதைக் கரைத்து, பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைத்தேன். பிறகு லித்தியம் கிறீஸை மெல்லிய படலமாகப் பூசினேன். அதிகம் பூசினால் தூசியைத்தான் சேர்க்கும்.

பெரிய சக்கரத்தின் பற்களை என் மகள் எண்ணினாள்: 144. அதனோடு பொருந்தும் திருகுபுரித் தண்டு ஒரு முறை சுற்றினால் ஒரு பல் நகரும். ஆகவே, தண்டு ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றினால், சக்கரம் பூமியோடு ஒத்துப்போகும். வகுப்பில் எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கணக்கு, அன்று என் உள்ளங்கையில் கிடந்தது.

பூட்டும்போதுதான் பிழை செய்தேன். தண்டுக்கும் பல்லுக்கும் இடையே சிறிதும் ஆட்டம் இருக்கலாகாது என்றெண்ணி, நன்றாக நெருக்கித் திருகாணிகளை இறுக்கினேன். கைப்பிடி அழகாகச் சுழன்றது. கால் சுற்று வந்ததும் சிக்கி நின்றது. தளர்த்தினேன், மறுபக்கம் ஆடிற்று. மறுபடி இறுக்கினேன், மறுபடி சிக்கிற்று. பட்டதாரியின் பொறுமை மாலைக்குள் தீர்ந்துவிட்டது.

திண்ணையிலிருந்த அப்பா எழுந்து வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் யந்திரங்களைப் பழுதுபார்த்தவர். கண்ணிற் புரை படர்ந்திருப்பதால் இப்போது எதையும் தடவித்தான் அறிகிறார். சிறுவனாயிருந்த காலத்தில், அவருடைய நகக்கண்களில் எப்போதும் இருந்த கிறீஸ் கறை எனக்கு வெட்கமாயிருந்தது. பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அவர் வருகிறேனென்றபோது, வரவேண்டாமென்று பொய்க் காரணம் சொன்னதும் உண்டு. அதே கறை படிந்த என் கைகளிலிருந்து சக்கரத்தை வாங்கி, விரலால் தடவிப் பார்த்தார்.

“தம்பி, ஒரு பக்கம் மட்டும் பாத்து இறுக்கிப்புட்டே. முழு வட்டமா எந்தச் சக்கரமும் கிடையாது. மெதுவா முழுச் சுத்தும் சுத்திப் பாரு. எங்க ரொம்ப இறுக்கமா வருதோ, அந்த எடத்துல நின்னு அளவு வையி. அங்க ஓடிச்சின்னா மத்த எடத்துல தானா ஓடும்.”

அவர் சொன்னபடியே இறுக்கமான இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே தண்டு தாராளமாகச் சுழலுமளவுக்கு மட்டும் நெருக்கினேன். மற்ற இடங்களிற் சிறிது ஆட்டம் இருந்தது. கிழக்குப் பக்கம் சற்றே பாரம் கூட்டியதும், பல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்று அதுவும் தீர்ந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். தாய் கொழுந்தெடுக்கப் போகுமுன் தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, மூன்று மைல் நடந்து வருவான். நாள்தோறும் பிந்துவான். முதல் பாடத்திற் பாதி அவனுக்குக் கிடைக்காது. முன்வரிசைப் பிள்ளைகளின் வேகத்துக்கு அளவு வைத்துப் பாடம் நடத்திவந்த நான், அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் ‘கவனக் குறைவு’ என்று எழுதினேன். படிப்பை விடப்போகிறான் என்று கேள்விப்பட்டபோதும், இப்படிப் பலர் போகிறார்களே என்று எண்ணி வாளாவிருந்தேன். வகுப்பு என்ற சக்கரத்தை முழுச் சுற்றும் சுற்றிப் பாராமலே இறுக்கியவன் நான் என்பது அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை அவனைத் தனியே அழைத்துப் பேசினேன். முதல் பாடத்தில் கற்பிக்க வேண்டிய புதியவற்றை இப்போது பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். முன்வரிசையார் அதனால் எதையும் இழக்கவில்லை. அவன் இன்றும் பிந்தித்தான் வருகிறான், ஆனால் வருகிறான்.

அவ்வார இறுதியிற் கல்லூரி மைதானத்தில் தொலைநோக்கியை நிறுத்தினோம். சிவனொளிபாத மலையின் விளக்கு வரிசை தொலைவில் தெரிந்தது. அதைப் பார்த்தே குறிகாட்டியைச் சரிசெய்துகொண்டோம். பிறகு வியாழனை நோக்கித் திருப்பினேன். 1610ஆம் ஆண்டு ஜனவரியிற் கலிலியோ கண்ட நான்கு துணைக்கோள்களில் மூன்று வரிசையாக நின்றன. பிள்ளைகள் குளிரிற் போர்வையைப் போர்த்துக்கொண்டு முறைவைத்துப் பார்த்தார்கள்.

அப்பாவையும் அழைத்து வந்திருந்தேன். “நீங்க பாருங்க அப்பா” என்றேன். “எனக்கு என்னா தெரியப்போகுது?” என்று சிரித்து, கண்ணை வைக்காமல் கைப்பிடியைத் தேடிப் பிடித்தார். அப்போது குழாயருகே நின்றவன் அந்த மாணவன். அப்பா மெல்ல மெல்லச் சுழற்றினார்.

“நிக்குதா?” என்று கேட்டார்.

“நடுவுல நிக்குது, தாத்தா” என்றான் அவன்.